ஜன்னல் துடைத்த கை

அன்புள்ள நெஸ்டர்,

உன் முதுகுவலி தேவலையா? ஹாங்காங்கில் நான் சுகம்.

வெள்ளிக்கிழமை நம் இலோய்லோ ஊர்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தை உன் வீடியோ காலில் பார்த்துக்கொண்டே முதலாளி வீட்டு ஜன்னலைத் துடைத்தேன் அல்லவா? "வகுப்புக்குத் திரை யாரு தைக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டபோது என் கை மேல்கண்ணாடியில் இருந்தது.

"பாருங்க, கடல் தாண்டி இருக்கிற மரிவிக்கே கை தூக்கிட்டா!" என்றார் டீச்சர். எல்லாரும் கைதட்டினார்கள். நீயும்தான், திருட்டுப் பயலே!

மறுக்க மனமில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறக்குமுன் நீ மற்ற பெற்றோரோடு போய்ப் பெருக்கி வர்ணம் அடிக்கிறாய். எனக்கும் ஒரு வேலை வேண்டாமா? ஞாயிறு விடுமுறையில் தைத்துவிடுவேன்.

வகுப்பு ஜன்னலை நூலால் அளந்து, அந்த நூலையே தபாலில் அனுப்பு. இன்னொரு நூலில் நம் மகள் லிகாயாவின் உயரத்தையும் அளந்து அதோடு சேர்த்து வை. திரைக்கு அது தேவையில்லைதான்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்.

உன் மரிவிக்