கவிதாவும் நானும்

11 ஜூலை 2007, புதன்

மூட்டுவாதத்துக்காக மாதாமாதம் போகும் ஆஸ்பத்திரியில் இன்று கவிதாவைப் பார்த்தேன். எட்டு வயதில் இரண்டு பேருக்கும் இதே நோய்தான். இதே பெஞ்சில் முட்டி வீங்கி உட்கார்ந்திருப்போம். இப்போது அவள் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். ஹைஹீல்ஸ் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

“ஸ்டெல்லா, நீதானா? எனக்கு டென்த்தோடயே சரியாப் போச்சுடி. மாத்திரைகூட நக்கோ, வேண்டாம்னுட்டாங்க” என்றாள். பிறகு என் கோணிப்போன விரல்களைப் பார்த்தாள்.

ஒரே நோய் சிலரை மட்டும் ஏன் விடுவதில்லை என்று ஆராய்வதற்காக அவளையும் வரவழைத்து, இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். நான் டாக்டரிடம் கேட்டேன்.

“சின்ன வயசுல எக்சர்சைஸ் செய்யச் சொன்னா அழுவேன். அம்மா பாவம்னு விட்டுடுவாங்க. அதனாலயா சார்?”

“அது மட்டும் காரணமா இருக்காதும்மா. பிறக்கும்போதே ஜீன்ல ஏதோ வித்தியாசம் இருந்திருக்கலாம். அதைத்தான் தேடறோம். அம்மாவை ஏன் குத்தம் சொல்லணும்?”

நான் சொல்லவில்லை. அம்மாதான் தன்னையே சொல்லிக்கொண்டாள். “நான் கண்டிப்பா இருந்திருக்கணும்” என்று கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போலாரம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாக்டர் சொன்னதை மறந்துவிடாமல் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்ததும், பையைக்கூட வைக்காமல், “அம்மா, இங்க வாயேன்” என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

சமையலறை விளக்கைப் போட்டேன். பிறகு வீட்டில் இருக்கிற எல்லா விளக்கையும் போட்டேன். இன்னும் எதையும் அணைக்கவில்லை.