வெளுத்த வானத்துக்கு ஒரு மாவிளக்கு

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அம்மா காளியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மட்டாஞ்சேரிக் கொசுக்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே ஜெர்மனியில் நீயும் உன் கருவியும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ ம்ம் ம்ம் என்று கேட்டுவிட்டுப் பாதியிலேயே சரிம்மா வைக்கிறேன் என்பாய். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், அதனால் ஒரு வார்த்தையும் உன் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்து வீட்டு அம்பிளி சேச்சியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன், அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, கார்ப்பரேஷன் வேலைக்குப் பழையபடி சைக்கிளில் போக ஆரம்பித்துவிட்டார். நீ அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு அவர் பண்ணுகிற அலப்பறைதான் தாங்கவில்லை. சாயாக்கடையில் யார் சிக்கினாலும், இது பிளேன் இறக்கைக்குக் கீழே மாட்டுகிற குழல், மேகத்துக்குள் புகுந்தால் ஒவ்வொரு துளியின் நிழலையும் படம் பிடித்து எண்ணிவிடும், என் மகள் செய்தது என்று பிடித்து உட்காரவைத்துவிடுகிறார். சேட்டன்கள் அவரைக் கண்டாலே இப்போது சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்களாம். இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன், ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன மாசம் நீ, கருவியோடு நானும் பிளேனில் ஏறப் போகிறேன் அம்மா, உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. அப்புறமும் இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பயம்தான், பாண்டி. அடுத்த செவ்வாய்க்கிழமையே மாரியம்மன் கோயிலுக்குப் போய், என் பிள்ளை பறந்து முடிக்கிற வரைக்கும் ஜெர்மனியில் ஒரு துண்டு மேகம் வரக் கூடாது, வானம் வெளுத்துக் கிடக்கணும், உனக்கு மாவிளக்குப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். இருபத்தாறு வருஷமாக இஞ்சி காயவைக்கிற களத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நல்ல நாள் என்றால் வெயில் நாள்தான். மேகத்துக்குள் போகத்தான் அந்தக் கருவியே என்று அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார், ஆனால் பயத்தில் எனக்குப் பிளேன் மட்டும்தான் மனசில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, பன்னிரண்டு நாளாக வெறும் வெயில், பிளேன் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது, இந்தச் சனிக்கிழமைக்குள் மேகம் வராவிட்டால் என் கருவியைக் கழற்றிவிட்டு வேறு ஆளுடையதை மாட்டிவிடுவார்கள், அப்புறம் இரண்டு வருஷம் காத்திருக்கணும் என்று. நாலு வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறாய், அதில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. மறுநாள் பூசாரி செல்லப்பாவிடம் போய் நேர்ச்சையை மாற்ற முடியுமா என்று கேட்டேன். மழைக்காரியிடமே போய் மழை வேண்டாம் என்று கேட்டவள் இந்த ஊரிலேயே நீ ஒருத்திதான் என்று முதலில் சிரித்தார். பிறகு, ஆத்தா மேல் தப்பில்லை, நீ சொன்னதை அவள் செய்துவிட்டாள், முதலில் மாவிளக்கைப் போடு, அப்புறம் அடுத்ததைக் கேள் என்றார்.

செவ்வாய்க்கிழமை மாவிடித்து வெல்லம் சேர்த்து நெய் ஊற்றி விளக்குப் போட்டேன். அடுத்ததைக் கேட்கத்தான் முடியவில்லை. மேகம் கொடு என்று கேட்டால் என் பிள்ளையை அதற்குள் கொண்டுபோய் விடு என்று நானே கேட்ட மாதிரி ஆகிவிடுமே. கும்பிட்ட கையோடு திரும்பி வந்துவிட்டேன். அப்பா மாவைத் தின்றுகொண்டே, கேட்டாயா என்றார். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளையின் குரலைக் கேட்டாயா என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலையில் களத்துக்குப் போகிற வழியில் கோயிலில் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவளுக்கு எவ்வளவு மேகம் வேணுமோ அவ்வளவும் கொடு, போய்த் திரும்புகிற வழியை நீயே பார்த்துக்கொள் என்றேன். மதியம் மூன்று மணிக்கு நம் களத்தில் கொட்டியது பார் ஒரு மழை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினோம். நேரங்கெட்ட நேரத்தில் வந்த மழை என்று கூட ஓடிய அம்பிளி சேச்சி திட்டினாள், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவசரத்தில் ஜெர்மனிக்கு என்று சொல்ல மறந்தது எனக்கல்லவா தெரியும். கோயிலுக்கு ஓடிப்போய் வெளியிலிருந்தே அதையும் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் இஞ்சி நனைந்துவிட்டது, மறுபடி காயவைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்குக் காலையில் உன் மெசேஜை அப்பா வாசித்துக் காட்டினார், நாளைக்கு மேகம் வருகிறது, காலையில் பறக்கிறோம் என்று. வானிலை ஆபீஸ்காரர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்களாம். சொல்லட்டும், கேட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

வெறும் காபியோடு ஏறாதே, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள். குமட்டினால் நான் கொடுத்துவிட்ட சுக்குப்பொடியை வெந்நீரில் கலந்து குடி. கருவியின் மூக்கு உறையாமலிருக்கக் கம்பி சுற்றிச் சூடு வைக்கத் தெரிந்தவளுக்குத் தன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அதைச் செய். பெல்ட்டை இறுக்கிப் போடு.

மூன்று தடவை நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்குச் சம்மதம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கு வரப்போவது உன் அம்மா வாய்விட்டுக் கேட்டு வாங்கிய மேகம், தைரியமாக உள்ளே போ. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. தரையில் இறங்கியதும் முதல் போன் எனக்குப் பண்ணணும், அப்பாவுக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. காளியம்மாள்