குமாரி தண்ணீரில் இறங்கிய ஆண்டு

2002 பெப்ரவரி 11, திங்கள்

மழை. வெளுத்த மேசைவிரிப்பு காயவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த குமாரி, நான் நீட்டிய தேநீரை வாங்காமலே சொன்னாள்: "அம்மா, ஓகஸ்டில தேயிலைத் தோட்டங்களுக்கிடையில ஒரு பந்தயம் வைக்கினம். நீர்த்தேக்கத்தில நீந்தி, பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். மூண்டும் ஒரேயடியா. நான் பேர் குடுத்திட்டன்."

மகளுக்கு நாற்பத்தொரு வயது. நீச்சல் தெரியாது, சைக்கிள் தெரியாது. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

"உனக்கென்ன விசரே?" என்றேன். கொன்வென்ட்டில் படித்த வாயால் சொல்லக்கூடிய சொல்லா இது?

பெப்ரவரி 13

தேநீரை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அவளே வந்து எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

தோட்டத்தில் எவருக்கும் உண்மை தெரியாது. பித்தப்பையில் கல், ஒப்பரேசன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தரும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் இருளாயி அன்றைக்கே கேட்டாள்: "நம்ம இரத்தினபுரி மாணிக்கக் கல்லா இருந்திருந்தா வித்திருக்கலாமே டீச்சர்!" குமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சின்னம்மாவுக்கு இதே நோய் வந்தபோது பின்னறையில் படுக்க வைத்துக் கோப்பையையும் வேறாக்கினார்கள். என் மகளுக்கு அது நேரக் கூடாது. அதனால்தான் உள்ளாடையின் ஒரு பக்கத்துக்கு இலவம்பஞ்சு வைத்து நானே தைத்தேன். ஊசிக் கண்ணுக்கும் தெரியாத தையல். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் தண்ணீரில்?

மார்ச் 24

தோட்ட மனேஜர் துரையின் பங்களாவில் வெள்ளைக்காரர் கட்டிய நீச்சல் தொட்டி ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. அதைக் கழுவித் துரையின் மனைவி இவளுக்கு நீச்சல் பழக்குகிறாளாம். அந்தச் சிங்களப் பெண்ணிடம் குமாரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்!

"சிங்களத்தில சொல்ல லேசா இருந்துதம்மா."

எந்த மொழியில் சொன்னால் என்ன, வெளியே வந்தது வந்ததுதானே?

மே 19

இந்த மலையில் சைக்கிள் ஓட்டுபவர் யார்? பள்ளிக்கூட மைதானத்தில் பழகிவிட்டு றோட்டுக்கு இறங்கியவள் வளைவில் தேயிலைக்குள் போய் விழுந்தாள். மேல் நிரையில் நின்ற பெண்கள், "டீச்சர், கொழுந்தெடுக்க சைக்கிள்லயா வர்றீங்க?" என்று கூவினார்களாம். முழங்கால் கிழிந்து வந்தவள் இதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கை வீங்கியிருக்கிறது. ஒப்பரேசன் செய்த பக்கத்துக் கை.

"உன்னால ஏலாது பிள்ளை. பத்துப் பேருக்கு முன்னால அவமானப்படப் போறாய்."

"ஒரு வருசமா என்ர உடம்பைப் பற்றி மற்ற ஆக்கள்தானே முடிவெடுத்தவை. இதை நான் எடுத்தனான்."

மற்ற ஆக்கள் — அதில் நானும் ஒருத்தியா?

ஓகஸ்ட் 17

போக மாட்டேன்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

போனேன்.

காலையில் அந்த உள்ளாடை கட்டிலிலேயே கிடந்தது. "இதைப் போடு" என்று நீட்டினேன். "தண்ணியில மிதந்து கழுத்தடிக்கு வருகுதம்மா. மூச்செடுக்க விடாது." போடாமல் போய்விட்டாள்.

கரையில் லய வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனம் எல்லாம் நின்றது. அவள் படிப்பிக்கும் பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார். மற்றவர்கள் சைக்கிளில் போய் மறைந்த பிறகு, கடைசியாக, தத்தளித்துக்கொண்டு கரையேறினாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மார்பு. மறு பக்கம் வெறும் தட்டை. இருளாயி கையை வாயில் வைத்தாள். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவள் யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்தாள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாளாம். ஓட்டத்துக்கு வந்தபோது கூடாரத்தை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். கணக்குப் பார்த்த உத்தியோகத்தர், "எத்தி டீச்சர், போதும், லொறியில ஏறுங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்வதா? கால் இழுபட்டது.

திரும்பி வந்தபோது முடிவுக் கயிற்றையும் சுருட்டிவிட்டார்கள்.

"கோடு எங்க?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் சப்பாத்துக் குதியால் புழுதியில் ஒரு கோடு இழுத்தார். அதைத் தாண்டினாள். நேரே என்னிடம் வந்து, "முடிச்சிட்டனம்மா" என்றாள். பிறகு என் வெள்ளைச் சேலையில் வாந்தி எடுத்தாள்.

குடையால் அவள் மார்பை மறைத்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

செப்டெம்பர் 8

இருளாயி வருவதில்லை. நானே தண்ணீர் எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வகுப்பில் குமாரிக்குத் தூரத்தில் உள்ள வாங்குக்கு மாற்றச் சொல்லித் தாய்மார் கேட்டார்களாம். நான் சொன்னது நடந்திருக்கிறது. அதில் எனக்கு என்ன இன்பம்?

நவம்பர் 12

குமாரிக்கு இடுப்பு வலி என்றுதான் போனோம். எலும்பில் பரவியிருக்கிறதாம். நீந்தியதாலோ, சைக்கிளிலிருந்து விழுந்ததாலோ வந்ததா என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். பழி போட ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். அதையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

டிசெம்பர் 29

இரவெல்லாம் முனகல். முருகா, இனி உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

2003 மார்ச் 2

குமாரி விடியற்காலையில் போய்விட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

குமாரிக்குத் தந்த குவார்ட்டர்ஸை மாத முடிவுக்குள் விட வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். இருளாயி வந்தாள். வாசலோடு நின்றாள், உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

"கிளாக்கரம்மா, கோவமாங்க?"

இறந்துபோன என் கணவர் தோட்டக் கிளாக்கர் என்பதால் அவளுக்கு நான் இன்னும் கிளாக்கரம்மாதான். பெட்டிக் கயிற்றை இறுக்கினேன். இருளாயி உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, முந்தானையை விலக்கி, என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள்.

"ரொம்ப நாளா இருக்குங்க. வலிக்காததுனால சும்மா விட்டுட்டேன். அன்னைக்கு டீச்சரு தண்ணியிலேருந்து ஏறி வந்தப்பதான், இது அதுவா இருக்குமோன்னு தோணுச்சு. பயத்துல இந்தப் பக்கமே வரலிங்க. செத்துருவேனாம்மா?"

கையை எடுக்க நினைத்தேன். எடுக்கவில்லை. அசையாத, கடினமான கட்டி. பெரிது. பிந்திவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"தெரியாது" என்றேன்.

நாளை முதல் பஸ்ஸில் பலாங்கொடைக்குப் போய், அங்கிருந்து மஹரகம. நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். எந்த வாசலில் நிற்க வேண்டும், யாரிடம் நம்பர் துண்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

வாசலில் திரும்பி நின்றாள். "வூட்டுக்காரரு கேட்டா என்னான்னுங்க சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு" என்றேன்.