பால்பல்லுக்கு ஒரு மெழுகுவர்த்தி

மலைச்சபை, ஃபுளோரெஸ் தீவு, இந்தோனேசியா
27 மார்ச் 2006

அன்பு மகள் தியானாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அம்மா சுகம். நீ வைத்த காபிச் செடி பூத்திருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் பாஸ்கா இரவுப் பூசையில் படைப்பு வாசகத்தை இந்த வருஷம் உனக்குப் பதில் ஜெனோவேவா வாசிப்பாள். "உபதேசியார் மகள் குகையில குரங்குமனுஷனைத் தோண்டுறாளாம், அவளா ஆதியைப் பத்தி வாசிக்கிறது?" என்று அகத்தா கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

எனக்கும் மனசு ஆறவில்லை, மகளே. நாம் அப்படித்தான் வந்தோம் என்றால், எதற்காக இருக்கிறோம்?

அப்பா தோனாத்துஸ்

---

குகை முகாம்
5 ஏப்ரல் 2006

என் அப்பாவுக்கு,

கடிதத்தை லாரிக்கார கான்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு அழுதேன். பன்னிரண்டு வயதிலிருந்து வாசிக்கிறேன், அப்பா. அந்த இடம் என்னுடையது என்றே நினைத்துவிட்டேன்.

நேற்று ஒரு சின்னத் தாடை கிடைத்தது. ஆதியில் இந்தக் குகையில் வாழ்ந்தவர்கள் நம்மைவிடக் குள்ளமான மக்கள். அந்தத் தாடை ஒரு குழந்தையுடையது. கீழ்வரிசையில் பால்பல், அதற்கடியில் புதுப்பல் முளைக்கத் தயாராக இருக்கிறது. பல் ஆடியிருக்கும், அப்பா. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கும்.

எப்படி வந்தோம் என்பதைத்தான் நான் தோண்டுகிறேன். எதற்காக என்பது மண்ணுக்குள் கிடைக்காது. யாரையும் தனியாக விடாமல் இருக்கத்தான் ஆண்டவர் நம்மைப் படைத்தார் என்று ஞாயிறு வகுப்பில் நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் இன்னும் அதைத்தான் நம்புகிறேன்.

பாஸ்காவுக்கு வரவில்லை. அம்மாவிடம் வேலை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் தியானா

---

மலைச்சபை
பெரிய வெள்ளி, 14 ஏப்ரல் 2006

என் தங்கமே,

உன் பால்பல் விழுந்தபோது நான்தான் கூரைமேல் எறிந்தேன். "கீழ்ப்பல்லு, மேல எறிங்கப்பா, அப்பத்தான் நேரா முளைக்கும்" என்று என் தோளில் ஏறி நின்று கத்தினாய். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அந்தப் பிள்ளைக்கு எறியக் கூரைகூட இருந்திருக்காதே.

நேற்று சாயங்காலம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். நம் வீட்டுக் கல்லறைகளுக்குப் பக்கத்தில், வெறும் மண்ணில் ஒன்று கூடுதலாக வைத்தேன். அகத்தா பார்த்துவிட்டாள்.

"அது யாருக்கு உபதேசியாரே? குரங்குக்கா?"

"பல்லு ஆடின ஒரு பிள்ளைக்கு. பேரு தெரியலை."

காற்று அதை அணைத்ததும் அவளே தன் மெழுகுவர்த்தியிலிருந்து திரும்ப ஏற்றிவிட்டாள்.

படைப்பின் ஆறு நாளும் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. படைத்தவர் என்னிடம் கேட்டுவிட்டா படைத்தார்? ஆனால் அந்த வாசகத்தைக் கேட்கும்போது அந்தப் பிள்ளையையும் நினைத்து வாசிக்கிற குரல் எனக்கு வேண்டும். நீயே வாசிப்பாய் என்று ஜெனோவேவாவிடம் சொல்லிவிட்டேன். "அப்பாடா, எனக்கு நடுக்கமா இருந்துச்சு" என்று சிரிக்கிறாள்.

உன் வெள்ளைச் சட்டையை அம்மா தேய்த்து வைத்திருக்கிறாள். இன்று லாரி ஓடாது. கான்ஸ் இதை மோட்டார்சைக்கிளில் எடுத்து வருகிறார். அவர் பின்னாலேயே ஏறி வந்துவிடு. நாளை இரவு நீ வந்து சேரும்வரை பூசை நிற்கட்டும். சாமியாரைச் சமாளிப்பது என் பாடு.

அப்பா