முப்பத்தேழாம் பக்கத்துப் பசை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கடையில் பழுதுக்கு வரும் கைபேசிகளுக்குக் குறைவில்லை.

வெளிக் கடைகளைப் பழுதுபார்க்க விடாத அந்தக் கைபேசி நிறுவனத்தின் மீதான புகார்களில் என்னுடையதும் இருப்பதால், நீ நடத்தும் விசாரணை முடியும்வரை பேச வேண்டாம் என்றாய். ஒன்றரை வருடமாகப் பேசவில்லை. வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

உன் அறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். அந்த நிறுவனமே பெரிய பதவி தருகிறேன் என்று கூப்பிட்டும் போகாமல், இருபது வருடம் சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததையே எழுதியிருக்கிறாய். விற்றவனே பழுதுபார்ப்பவனையும் முடிவு செய்தால் அது எப்படிச் சந்தையாகும் என்று கேட்டிருக்கிறாயே, அந்த வரியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். பக்கத்துக் கடைத் தையல்காரர், "உங்க தங்கச்சியா? அதான் இவ்வளவு பிடிவாதம்" என்றார். பெருமையாக இருந்தது.

ஆனால் முப்பத்தேழாம் பக்கம் தவறு. பேட்டரியைப் பசையால் ஒட்டிவிடுவதால் வெளியாட்கள் மாற்ற முடியாது என்கிறாய். சூடு காட்டினால் நாலு நிமிடத்தில் பசை விட்டுவிடும். அவர்கள் பூட்டு போட்டிருப்பது மென்பொருளில். அதே கம்பெனிக் கைபேசியின் அசல் பேட்டரியை மாற்றிப் போட்டாலும் 'தெரியாத பாகம்' என்று திரையில் வருகிறது. அறிக்கையின் கடைசியில் முப்பது பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். அதில் ஒருவராவது ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவரா?

வியாழக்கிழமை நாடாளுமன்றக் குழுவின் முன் நீ பசை என்று சொன்னால், நிறுவனத்தின் வக்கீல் அங்கேயே ஒரு கைபேசியைப் பிரித்துக் காட்டுவார். அந்த ஒரு பக்கத்தால் நானூறு பக்கமும் வீணாகும்.

அண்ணன் ரகசியமாகக் காதில் ஓதினான் என்ற பேச்சு உனக்கு வரக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தின் நகலைக் குழுவின் செயலாளருக்கும் அந்த வக்கீலுக்கும் அனுப்பிவிட்டேன். "தங்கச்சி காலை நீங்களே வாரிவிடுறீங்களே" என்று சொன்ன உன் அண்ணி இரண்டு நாளாக முகம் கொடுக்கவில்லை. ஒரு தரப்புக்குத் தெரிவது மறு தரப்புக்கும் தெரிய வேண்டும் என்று எழுதியவள் நீ. அவள் அதைப் படிக்கவில்லை.

குழுவின் முன் பேச எழுந்ததும் முதலில் அந்தத் தவறை நீயே சொல்லிவிடு. பிறகு பூட்டைப் பற்றிப் பேசு. குழு கூப்பிட்டால் நான் வந்து பிரித்துக் காட்டுகிறேன். அங்கும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, உன்னிடம் பேசாமல் திரும்பிவிடுவேன்.

உன் குரல் தடுமாறாமல் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அண்ணன்