பேச்சுச் சத்தம் கேட்கும் நூலகம்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
நவம்பர் 1993

அன்பு மகள் நாச்சியாருக்கு அப்பா ஆண்டிச்சாமி எழுதுவது. வைத்தியநாத சுவாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பதாக உன் கையெழுத்தில் வந்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். சேத்தூர் வயலில் நடவு முடிந்தது, மழையும் பரவாயில்லை. கறுத்த பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மூட்டுவலிக்கு ராஜபாளையம் டாக்டர் கொடுத்த மாத்திரையை அம்மா விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், "வீட்டுக்குள்ளயும் ஏட்டு வேல பாக்காதீக" என்கிறாள். ரிட்டயர் ஆனாலும் போலீஸ்காரன் கண் சும்மா இருக்குமா?

நான் எழுத வந்தது வேறு விஷயம். சென்ற மாதம் உக்கிரபாண்டி மாமா ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார். மில் சாமான் வாங்கச் சென்னைக்குப் போனவர், தங்கை மகளைப் பார்க்கலாம் என்று உன் ஹாஸ்டலுக்கு வந்திருக்கிறார். லைப்ரரியில் இருப்பாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "மச்சான், கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். பயகளும் பொம்பளப் பிள்ளைகளுமா வட்டமா உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்காக, நடுவுல நம்ம நாச்சியா. மேசையில ஒரு புத்தகத்தக் காணோம். படிச்சது போதும், கூட்டிட்டு வந்துருங்க. தை மாசம் என் மகனுக்குப் பட்டாளத்துல லீவு, கல்யாணத்த முடிச்சிருவோம்" என்றார். உன்னைக் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டாராம். எனக்கு ஏற்கனவே ஒரு நெருடல் உண்டு. கடிதத்துக்குக் கடிதம் சாயங்காலம் முழுக்க லைப்ரரி, லைப்ரரி என்று எழுதுகிறாய். நம் ஊர் நூலகத்தில் இருமினாலே முறைக்கிறார்கள். பேசுகிற லைப்ரரியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா மட்டும், "என் பிள்ள அப்படியாப்பட்டவ இல்ல" என்றாள். செத்த நேரம் கழித்து, "எதுக்கும் ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாங்க" என்றும் சொன்னாள்.

கோபப்படாமல் படி. நீ வகுப்போடு பெங்களூருக்கு டூர் போன வாரம் பார்த்துத்தான் நான் வண்டி ஏறினேன். ஆள் இல்லாத நேரத்தில் விசாரித்தால்தான் உண்மை வரும் என்பது என் சர்வீஸில் கண்டது. உங்கள் யுனிவர்சிட்டி லைப்ரரி மாடிக்குப் போனேன். மாமா சொன்ன கண்ணாடி அறை இருந்தது. வட்ட மேசை, கரும்பலகை, ஓரத்தில் ஒரு டேப் ரிக்கார்டர். டேப் ரிக்கார்டரைப் பார்த்ததும் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள் என்றே முடிவு கட்டினேன். அதற்குள் ஒரு பெண் எழுந்து வந்து, "சார், இன்டர்வியூ பழக்கிவிட வர்றதா லைப்ரரி மேடம் சொன்ன பேங்க் மேனேஜர் நீங்கதானே? உக்காருங்க" என்றாள். பேர் மாஜிதா என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

பிறகு ஸ்டேஷனில் கேட்கிற மாதிரியே கேட்டேன். பேர் என்ன, ஊர் எது, இங்கே எதற்கு வருகிறாய். மாரிச்சாமி என்றொரு பையன், தேனிப் பக்கம். பேர் சொல்லவே திக்கித் திணறி வியர்த்துப் போனான். யாராவது சிரிப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக நோட்டம் விட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "மெதுவாச் சொல்லுடா, யாரும் விரட்டல" என்று அந்தப் பிள்ளை மாஜிதா சொன்னது. அவன் பேசியதை டேப்பில் பதிந்து, அவனுக்கே போட்டுக் காட்டி, எங்கே தடுமாறினான் என்று சேர்ந்து பேசினார்கள். இரண்டாம் முறை பேர், ஊர், படிப்பு எல்லாம் அவன் வாயிலிருந்து முழுசாக வந்தது. பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்த அறையை லைப்ரரி அம்மா ஒழித்துக் கொடுத்ததாகவும், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளை இழுத்து வந்து பேச வைப்பது நீதான் என்றும் சொன்னார்கள். முன்கூட்டியே பாடம் பண்ணி ஒப்பிக்கிறார்களோ என்று அப்போதும் சந்தேகம்தான். அதனால் அந்த நாச்சியாரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று துருவினேன்.

மாஜிதாவுக்கு நான் யார் என்று தெரியாது. "அவளுக்கு டிசம்பர்ல டெல்லியில வேலைக்கு இன்டர்வியூ சார். எதைக் கேட்டாலும் டக்குனு பதில் சொல்லுவா. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாயடைச்சுப் போயிடுவா. இவ்வளவு தூரம் உங்க வீட்டுல அனுப்புவாங்களான்னு கேட்டா, தலையக் குனிஞ்சுக்குவா. எத்தனை தடவை கேட்டாலும் அப்படித்தான்" என்றாள். நீ எதையோ மறைக்கிறாய் என்று நான் நினைத்தது சரிதான், மறைத்தது இது என்று நினைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நிஜ மேனேஜர் பையும் குடையுமாக வாசலில் வந்து நின்றார். எழுந்து, "நான் நாச்சியாரோட அப்பா" என்று சொன்னேன். மாஜிதா முகத்தில் ரத்தம் இல்லை. என் கடிதம் வரும்வரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். வாக்கைக் காப்பாற்றினார்களா, நீ வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

உக்கிரபாண்டி மாமாவிடம், விசாரித்தாயிற்று, கேஸ் ஒன்றும் இல்லை, தை மாதப் பேச்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், பொங்கலுக்குள் சரியாகிவிடுவார். உன் அம்மா டெல்லி என்றதும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்கன குளிராமே, அவகிட்ட கம்பளி இருக்கோ என்னவோ?" என்று பக்கத்து வீட்டு சுடலைமாடத்தியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த வேலை எப்படிப்பட்டது, தங்குவது எங்கே, மேலதிகாரி எப்படிப்பட்ட ஆள், எல்லாவற்றையும் மறைக்காமல் எழுது. பாதி எழுதினால் மீதியை நான் கண்டுபிடித்துவிடுவேன். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி தயிர் வேண்டாம். ஆண்டாள் அருளால் நீ நினைத்தது நடக்கட்டும், தீர்க்காயுசாக இரு.

ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் கேள்வியை டெல்லியிலும் கேட்பார்கள். தலையைக் குனியாதே. "எங்கப்பாதான் கூட்டியாந்தாக, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காக" என்று நிமிர்ந்து சொல். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அந்த அறையிலேயே உட்கார்ந்து பழகிக்கொள். பொய் சொல்கிறாய் என்று அவர்கள் சந்தேகப்பட்டால் கதவைத் திறந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீ. ஆண்டிச்சாமி