இரண்டு கிலோமீட்டர் வட்டம்

ஜூன் 21
மன்னிக்க வேண்டும். இது காட்டுத்தீயைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்தின் தீப் பதிவேடு. அதன் பின்பக்கத் தாள்களில் என் கதையை எழுதுவது தப்புதான். வாயைத் திறந்து சொல்ல எனக்கு வராது, அதனால்.

இன்றும் திரையில் அதே சிவப்புப் புள்ளி. எங்கள் ஊர் தாலா மெல்லாலின் குப்பை மேடு. வீட்டுக்கு வீடு முறை வைத்து வாராவாரம் எரிப்பார்கள். செயற்கைக்கோளுக்குக் குப்பை எரிந்தாலும் காடு எரிந்தாலும் ஒன்றுதான். தீயணைப்பு வண்டி வீணாக மலையேறித் திரும்பியது. ஓட்டுநர் ஹம்மு எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன தங்கச்சி, உங்க ஊர்க் குப்பைக்கு வாராவாரம் கல்யாணமா? எங்களுக்கு ஒரு வாய் குஸ்குஸ்கூடப் போடலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 22
மேலதிகாரி பெலாயித் சார், "அந்த இடத்தை மறைச்சிடும்மா" என்றார். எப்போதும் சூடாக இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால், உள்ளே விழும் புள்ளிகள் திரைக்கு வராது. செங்கல் சூளைக்கு அரை கிலோமீட்டர் போடுவோம். நான் இரண்டு கிலோமீட்டர் போட்டேன். எங்கள் ஊர்ப் பெயரே இனி இங்கே அடிபடக் கூடாது.

ஜூலை 14
நிம்மதி. ஹம்மு கேலிக்கு வேறு ஆள் பிடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 9
ஊர் எரிகிறது. அப்பா போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10
அப்பா இருக்கிறார். ஷாபான் சித்தப்பா இல்லை. தேனீப் பெட்டிகளைத் தூக்கி வரப் போனவர்.

ஆகஸ்ட் 13
கரி சுடும் அக்லியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் அறிக்கையை வைத்துத்தான்: முதல் புள்ளி, பிற்பகல் இரண்டேகால், அக்லியின் கரிக்குழி. கோடையில் கரி சுடத் தடை. ஜூனிலிருந்து அந்தக் குழி ஆறிக் கிடக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அப்பா போனில் கத்தினார்: "அந்த நாய்தான்! என் தம்பியைக் கரியாக்கிட்டான்!"

முதல் புள்ளியா? வட்டத்துக்கு வெளியே வந்த முதல் புள்ளி.

ஆகஸ்ட் 16
மறைப்பை நீக்கிப் பார்த்தேன். ஊர் எரிந்த அன்று ஒன்றரை மணிக்குக் கடந்த செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. குப்பை மேட்டிலிருந்து வரிசையாக நான்கு புள்ளிகள். அந்த நேரம் கரிக்குழியில் ஒன்றுமில்லை.

முக்கால் மணி நேரம். யாராவது ஒரு போன் செய்திருந்தால் — யாராவது என்ன யாராவது. நான்.

ஆகஸ்ட் 17
சாரிடம் காட்டினேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வட்டம் போட்டது யாரு?"

"நீங்கதான் சார் மறைக்கச் சொன்னீங்க."

"குப்பையை மறைக்கச் சொன்னேன். ஊரையே மறைக்கச் சொன்னேனா? பேசாம போய் வேலையப் பாரும்மா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 20
ஊருக்குப் போனேன். அக்லியின் மனைவி மல்ஹா ஊற்றுக்கு வந்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். "உன் புருஷன் வச்ச தீய அணைக்கவா தண்ணி?" என்றாள் ஒருத்தி.

வீட்டில் அப்பாவிடம் படங்களையும் நான் போட்ட வட்டத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார்: "அந்த வாரம் முறை யாரோடது தெரியுமா?"

தெரியாது.

"நம்மோடது. நான்தான் பத்த வச்சேன். மண்ணள்ளிப் போட்டு அணைச்சிட்டுத்தான்டி வந்தேன்..."

ஆகஸ்ட் 21
கிளம்பும்போது அப்பா வாசலை மறித்தார். "நெருப்பு வச்சது நான். கண்ணைக் கட்டுனது நீ. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா போச்சு. அக்லிக்குப் புள்ளையா குட்டியா?"

இந்த அப்பாவா என்னைப் படிக்க அனுப்பியவர்?

செப்டம்பர் 2
நீதிபதியிடம் படங்களைக் கொடுத்தேன். வட்டம் என்னுடையது என்றேன். குப்பைக்கு நெருப்பு வைத்தது யார் என்று கேட்டார். "ஊர்" என்றேன். அப்பா பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவரும் 'ஊர்' என்றே எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 7
அக்லி வெளியே வந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் எதிரே வந்தார். நான் வணக்கம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

எனக்கு வேலை போய்விட்டது.

செப்டம்பர் 16
ஆறாவது தடவை கூப்பிட்டபோது அப்பா எடுத்தார். மழை பெய்ததா என்று கேட்டேன். "ம்." முழங்கால் வலி எப்படி? "ம்." கூரை போட்டாயிற்றா? "வேலை கிடக்கு." வைத்துவிடுவார் என்று தெரிந்ததும் கேட்டேவிட்டேன்:

"அப்பா, நாளன்னைக்கு சித்தப்பாவுக்கு நாப்பதாம் நாள். நான் வரட்டுமா?"